நாலாம் கூண்டு சுத்தம்

“தம்பி, நாலாம் கூண்டு எப்படி இருக்கு?” என்று ஹாஜி போனில் கேட்டபோது, நாலாம் கூண்டு மீன் ஒன்று கோகிலனின் கையிலேயே துடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றிலும் செவுளோரத்திலும் கடல் பேன்கள் அப்பிக் கிடந்தன. பெரும்பாலானவற்றின் பின்னால் மெல்லிசாக இரண்டு நூல் தொங்கியது. அந்த நூல் முழுக்க முட்டை.

“கண்ணாடி மாதிரி இருக்கு ஹாஜி,” என்றான் கோகிலன்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சில பேருக்கு வாய் அப்படி அமைந்துவிடுகிறது, என்ன செய்வது?

“பேனே இல்லியா?”

“மருந்துக்குக்கூட இல்ல ஹாஜி.”

அந்தப் பக்கம் தட்டு கழுவும் சத்தமும், யாரோ “குவா கம்பூர் லா அண்ணே!” என்று எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லும் சத்தமும் கேட்டன. ஜார்ஜ் டவுனில் ஷேக் அலாவுதீன் ஹாஜியின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் மத்தியான நேரம். பிறகு ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நல்லது. வர்ற வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரம்மா வர்றாங்க. மீன் டாக்டர். நாலாம் கூண்டைத்தான் பாக்கணுமாம். அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா நம்ம பண்ணைக்கு நல்ல காலம். உன்னைய மேனேஜராப் போடுறதும் அன்னிக்கே முடிவாயிரும். எனக்கு ஜும்ஆ இருக்கு, தொழுதுட்டு மெதுவாத்தான் வருவேன். நீயே கூட இருந்து காட்டு.”

“நாலாம் கூண்டா ஹாஜி? ஒண்ணாம் கூண்டு மீன் இன்னும் கொஞ்சம் வாட்டசாட்டமா...”

“நாலுதான் தம்பி. நீதான் கண்ணாடி மாதிரின்னு சொல்றியே.”

போன் அணைந்தது. கையிலிருந்த மீன் வாலால் கோகிலனின் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தது. வாங்கவேண்டிய அறைதான் என்று அவனுக்கே தோன்றியது.

பாலிக் புலாவ் கரையிலிருந்து சம்பான் படகில் போகிற தூரத்தில் ஹாஜியின் பண்ணை மிதந்துகொண்டிருந்தது. நீலப் பீப்பாய்கள், அவற்றின் மேல் பலகை, பலகைகளுக்கு நடுவே கடலுக்குள் தொங்கும் வலைக் கூண்டுகள். கூண்டுக்குள் சியாக்காப் மீன். ஊரில் கொடுவா என்கிறார்களே, அதேதான். மீன் வளர்ப்பில் டிப்ளோமா வாங்கிய கோகிலன் அங்கே சூப்பர்வைசர். அவன் மனைவி பிரமிளா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். இப்போது ஐந்து மாத வயிறு. நின்று நின்று கால் இரண்டும் வீங்கி, காலையில் செருப்பு மாட்ட முடியாமல் வெறுங்காலோடு ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்குவாள். கோகிலன் மேனேஜர் ஆகிவிட்டால் அவள் வேலையை விட்டுவிடலாம். அந்த வீட்டில் இப்போதைக்கு இருந்த ஒரே கனவு அதுதான்.

சரி, அப்படியானால் நாலாம் கூண்டை ஏன் இப்படிப் பேன் காடாக விட்டுவைத்தான்? விட்டுவைக்கவில்லை. அவன்தான் பாடுபட்டு அப்படி ஆக்கினான்.

சில மாதங்களுக்கு முன் எல்லாக் கூண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பேன் இருந்தது. கடல் என்றால் இருக்கத்தான் செய்யும். ஆனால் கோகிலனுக்கு ஒரு யோசனை உதித்தது. சின்ன வயதில் அவன் அம்மா கோழி வளர்த்தவள். சேவல் இல்லாத கூட்டில் எத்தனை முட்டை வைத்தாலும் குஞ்சு பொரிக்காது என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சேவல் கணக்கைத் தூக்கிக்கொண்டு நேராக ஹாஜியின் கடைக்குப் போனான்.

“ஹாஜி, பேன் எல்லாத்தையும் பிடிக்கவேண்டிய அவசியமே இல்ல. ஆம்பளைப் பேனை மட்டும் பிடிச்சிடுவோம். அப்புறம் பொம்பளைப் பேன் என்னதான் முட்டை போட்டாலும் குட்டி வராது.”

ஹாஜி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டார், “ஆணு பொண்ணு எப்படித் தம்பி தெரியும்?”

அங்கேதான் கோகிலன் மாட்டிக்கொண்டான். பக்கத்து மேசையில் பள்ளிவாசல் பெரியவர்கள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கோகிலன் குரலைத் தாழ்த்தினான்.

“பொண்ணு பெரிசு ஹாஜி. பின்னால ரெண்டு நூல் தொங்கும், ரெட்டைச் சடை மாதிரி. ஆணு சின்னது. பொண்ணு கடைசித் தடவை தோலை உரிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு அது மேலயே... ஒட்டிக்கிட்டு... பிடிச்ச பிடிய விடாது.”

“உரிச்சதுக்கு அப்புறம்?”

“அப்புறம்... அவ்வளவுதான் ஹாஜி.” காது மடல் வரைக்கும் சிவந்துபோனது. பக்கத்து மேசையில் ஒருவர் இருமினார்.

ஹாஜிக்கு யோசனை பிடித்துவிட்டது. அன்று மாலையே பள்ளிவாசல் வாசலில் நின்று, “எங்க தம்பி மூளைக்காரன், சேவலைப் பிடிச்சிட்டு முட்டையை நிறுத்தப்போறான்,” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பண்ணையில் மீனுக்குத் தீனி போடும் நவமணி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் பலகையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பண்ணையே ஆடியது.

“ஆம்பளைய மட்டும் பிடிக்கணுமா? எங்க வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கட்டா தம்பி?”

ஆனாலும் வேலை நடந்தது. நாலாம் கூண்டின் ஓரத்தில் பெரிய கன்வாஸ் தொட்டியைக் கட்டி, எல்லாக் கூண்டு மீன்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, இடுக்கியால் ஆண் பேன்களைப் பொறுக்கினார்கள். சின்னதாக இருந்ததெல்லாம் ஆண். நூல் தொங்கியதெல்லாம் பெண். பெண்ணை மரியாதையாக அப்படியே விட்டார்கள். முடிந்ததும் கோகிலன் ஹாஜிக்கு வெற்றிச் செய்தி அனுப்பினான். ஹாஜி அவனுக்கு மீன்தலைக் கறியோடு ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

பொட்டலம் செரித்ததும் பெண் பேன்கள் மறுபடியும் முட்டைச்சரம் விட்டன. அது பொரிந்தது. குஞ்சு பெரிதாகி மீனைப் பிடித்தது. அதற்குப் பிறகும் சரம் விட்டன. கோகிலனுக்குத் தலை கிறுகிறுத்தது. அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்துப் பார்த்தான். அதை வேலைக்கு முன்னால் செய்திருக்கலாம், ஆனால் அப்போது அவன் மூளைக்காரனாக இருந்தான்.

விஷயம் இதுதான். பெண் பேனுக்கு ஒரு தடவை சேர்ந்தால் போதும். ஆணிடமிருந்து வாங்கியதை உடம்புக்குள் பத்திரமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆண் செத்தாலும், ஓடிப்போனாலும், இடுக்கியில் போனாலும் அதற்குக் கவலையில்லை. அந்தச் சேமிப்பை வைத்தே சரம் சரமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, எல்லாக் கூண்டு மீனையும் நாலாம் கூண்டின் மேல் வைத்துப் பொறுக்கியதால், கை நழுவியதும் துள்ளி விழுந்ததும் மொத்தமாக நாலாம் கூண்டிலேயே குடியேறிவிட்டன. இந்தப் பேனுக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்பதையும் அவன் அப்புறம்தான் படித்தான்.

பிரமிளாவிடம் சொன்னபோது அவள் வீங்கிய காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஒரு தடவைதானா? அதுக்கப்புறம் ஆயுசுக்கும் புருஷன் தொந்தரவே இல்லியா? கெட்டிக்காரிங்கதான்.”

“சிரிக்காத பிரமிளா. ஹாஜிக்குத் தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்.”

“சொல்லிடுங்களேன். தப்பாப் போச்சு ஹாஜின்னு ஒரு வார்த்தை.”

“எப்படிச் சொல்றது? அவரு பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரு. நான் மட்டுமா, அவரும்ல தலைகுனியணும்?”

அன்றிலிருந்து ஹாஜி கேட்கும்போதெல்லாம் ‘சுத்தம்’ என்றே சொல்லி வந்தான். ஹாஜியின் கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டான். போனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல், குழம்புச் சட்டிகளைப் பார்த்தே பேசினான். இப்போது டாக்டரம்மாவே வருகிறாள்.

மறுநாள் காலை கோகிலன் சம்பான் நிறையப் பீப்பாய்களில் குழாய்த் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வந்தான். கடல் பேனுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. சியாக்காப் மீனுக்கோ இரண்டும் ஒன்றுதான். கன்வாஸ் தொட்டியில் நல்ல தண்ணீரை ஊற்றி, நாலாம் கூண்டு மீன்களை அள்ளி அள்ளி அதில் போட்டான். கொஞ்ச நேரத்தில் பேன்கள் பிடி தளர்ந்து, பொலபொலவென்று தொட்டியின் அடியில் உதிர்ந்தன. கோகிலனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“பாத்தீங்களாக்கா! விழுது, விழுது!”

“ஆமா தம்பி, கறிவேப்பிலை உருவின மாதிரி விழுது.”

மீனையெல்லாம் கூண்டில் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து பிரமிளாவிடமிருந்து போன். தலை சுற்றுகிறது, கிளினிக் போகவேண்டும் என்றாள். கோகிலன் சம்பானில் குதித்தபடியே, “அக்கா, தொட்டித் தண்ணியக் கொட்டிடுங்க!” என்று கத்திவிட்டுப் போனான்.

பிரமிளாவுக்கு ஒன்றுமில்லை, இரத்தம் கொஞ்சம் குறைவு, நிற்கக் கூடாது என்றார்கள். நிற்காமல் எப்படி வேலை செய்வது என்று அந்தக் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. கோகிலன் திரும்பி வந்து பார்த்தபோது தொட்டி காலியாக, கழுவித் துடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“எங்கக்கா கொட்டுனீங்க?”

“கடல்லதான்.”

“எந்தப் பக்கம் கடல்ல?”

“இந்தா, இந்தக் கடல்லதான்,” என்று நவமணி அக்கா நாலாம் கூண்டைக் காட்டினாள். “தொட்டி இங்கதானே கட்டியிருக்கு? ஒரு பக்கக் கயித்தை அவுத்தேன், தானா ஊத்திக்கிச்சு.”

“இது கூண்டுக்கா!”

“கூண்டுக்குள்ள இருக்கறது கடல் இல்லாம, கறக்கிற பாலா?”

கோகிலன் மீன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். பேன்கள் செத்திருக்கவில்லை, மயங்கித்தான் கிடந்திருக்கின்றன. உப்புத் தண்ணீர் பட்டதும் மயக்கம் தெளிந்து, பழைய வீட்டுக்கே திரும்பி வந்து, முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. ரெட்டைச் சடை கொஞ்சமும் கலையவில்லை.

நவமணி அக்காவுக்கு வருத்தமாகிவிட்டது. பரிகாரமாக அடுத்த நாள் கோயில் மரத்திலிருந்து ஒரு மூட்டை வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தாள்.

“தலைப் பேனுக்கு இதுதான் தம்பி. மீன் பேனுக்கு மட்டும் கசக்காதா?”

வேறு வழி தெரியாமல் கோகிலனும் கொத்துக் கொத்தாகக் கட்டி நாலாம் கூண்டைச் சுற்றித் தொங்கவிட்டான். பேனுக்குக் கசந்ததோ என்னவோ, மீனுக்குப் பயமாகிவிட்டது. தீனிக்கு மேலே வராமல் அடியிலேயே கிடந்து வலையில் உரசி உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்த பக்கத்துப் பண்ணை ஆ ஹோக், இந்தியர்கள் ஏதோ திருவிழா நடத்துகிறார்கள் என்று நினைத்து, படகை ஓட்டிக்கொண்டு வந்து பயபக்தியோடு மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார்.

“வாட் காட் இஸ் திஸ், கோகிலன்?”

“ஃபிஷ் காட் லா, அங்கிள்,” என்றான் கோகிலன். இந்த வாரம் அவன் சொன்ன பொய்களில் இதுதான் சிறியது. ஆனால் அந்த மனிதர் கண்ணை மூடி நிற்பதைப் பார்க்கையில், கடலில் குதித்து அப்படியே போய்விடலாமா என்று இருந்தது.

வீட்டுக்குப் போனபோது பிரமிளா ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது, இன்னொரு காலில் ஏறவில்லை. கோகிலன் குனிந்து அதை மாட்டிவிடப் பார்த்தான்.

“விடுங்க, வலிக்குது. என்ன ஆச்சு பேனு?”

“அப்படியேதான் இருக்கு.”

“இப்பவாவது ஹாஜிகிட்ட சொல்லுங்க. நல்ல மனுஷன்தானே, கடிச்சா முழுங்கிடுவாரு?”

“திட்டுனா வாங்கிக்குவேன் பிரமிளா. அவரு திட்டவே மாட்டாரு. ‘பரவால்ல தம்பி’ம்பாரு. அதைத்தான் என்னால கேக்க முடியாது.”

பிரமிளா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, “என்னமோ பண்ணுங்க. எங்க மாமாகூடச் சியாக்காப் வளர்க்கிறாரு, நிபோங் திபால்ல. குளத்துல. அவருக்கு ஒரு பேன் தொல்லையும் இல்ல. நீங்க கடலைத் தேடிப் போனீங்க,” என்றாள்.

அவள் சும்மாதான் சொன்னாள். ஆனால் கோகிலன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டான்.

குளத்து மீன்! நல்ல தண்ணீரில் பிறந்து நல்ல தண்ணீரில் வளர்ந்த மீன். கடல் பேனின் முகத்தையே பார்த்திராத மீன்.

வியாழக்கிழமை முழுக்க அதே வேலை. காலையில் நாலாம் கூண்டு மீன்களை மொத்தமாகப் பிடித்து, ஐஸில் போட்டு, அக்கரை மீன் சந்தைக்கு அனுப்பினான். ஐஸில் பேன்கள் விறைத்து உதிர்ந்தன. வலையைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோய் வெயிலில் காயப்போட்டுப் புது வலை கட்டினான். மத்தியானம் பிரமிளாவின் மாமா பிச்சைமுத்து தன் லாரியில் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பாலம் தாண்டி மீனைக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, இவ்வளவு பெரிய கடல்ல மீனு இல்லன்னா குளத்துலேர்ந்து கொண்டுபோறீங்க?”

“அது... ஒரு டிரையல் மாமா.”

“என்னமோப்பா. படிச்சவங்க சமாச்சாரம்.”

மாமாவின் பேச்சில் கேலியே இல்லை. மாப்பிள்ளை பெரிய ஆராய்ச்சி ஏதோ செய்கிறார் என்று உண்மையிலேயே நம்பினார். கோகிலன் அவர் லாரி திரும்பும்வரை தலையைக் குனிந்து, காலியான வாளியையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

குளத்து மீன் கடல் மீனைவிடக் கறுப்பாக இருந்தது. கிட்டே போனால் லேசாகச் சேற்று வாடை அடித்தது. ஆனால் பேன் இல்லை. தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தாலும் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஒரு வெள்ளை வேன் கரையில் வந்து நின்றது. டாக்டர் ஜெகதீஸ்வரி இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், தொப்பி, கழுத்தில் பூதக்கண்ணாடி. முகத்தில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல ஒரு மகிழ்ச்சி. பின்னாலேயே வேன் ஓட்டி வந்த பக்கிரிசாமி என்ற பெரியவர் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டியை அணைத்துப் பிடித்தபடி இறங்கினார். அதன் மூடியில் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று ஒட்டியிருந்தது.

“நீங்கதான் கோகிலனா? உங்களைப் பத்தி ஹாஜி ரொம்பச் சொல்லியிருக்காரு,” என்றார் டாக்டர்.

கோகிலன் அசடு வழிந்தான். பக்கிரிசாமியைக் கரையிலேயே விட்டுவிட்டு, டாக்டரைச் சம்பானில் ஏற்றிக்கொண்டு போனான்.

நாலாம் கூண்டின் ஓரத்தில் டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்தார். நவமணி அக்கா கைவலையால் ஒரு மீனை அள்ளிக் கொடுத்தாள். டாக்டர் அதை ஈரத்துணியில் கிடத்தி, வயிற்றைப் பார்த்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், துடுப்பை விரித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்து இன்னொரு தடவை பார்த்தார்.

“இன்னொண்ணு எடுங்க.”

இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. டாக்டரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“இது நாலாம் கூண்டுதானே?”

“சத்தியமா நாலாம் கூண்டுதான் மேடம்.”

“ஓ.” டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்கத் தயங்கினார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். “கோகிலன், கடல்ல வளர்க்கிற மீன்... நான் எதையும் குத்தம் கண்டுபிடிக்க வரல. எதுவா இருந்தாலும் வெட்கப்படாம என்கிட்ட சொல்லலாம்.”

ஆகா, வாயைக் கிளறுகிறாள் என்று கோகிலன் உஷாரானான். “சொல்றதுக்கே ஒண்ணும் இல்லியே மேடம். எல்லாம் சுத்தம்.”

“சுத்தம்னா... முழுசாவா?”

“முழுசா மேடம்.”

“மத்த கூண்டுல பாக்கலாமா?”

மற்ற கூண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேன் இருந்தது. கோகிலனின் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

“அந்தப் பக்கம் பலகை உளுத்துப்போச்சு மேடம். கால் வச்சா நேரா உள்ளதான். நாளைக்குத்தான் மாத்தப்போறோம்.”

கையில் வாளியோடு அதே பலகைமேல் நின்றுகொண்டிருந்த நவமணி அக்கா, ஒரு காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டாள்.

டாக்டர் குனிந்து மீனை முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. கோகிலன் மீனைச் சட்டென்று வாங்கிக்கொண்டான். சேற்று வாடை! கண்டுபிடித்துவிட்டாள். இப்போது ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

“மேடம், நான் பெருமைக்குச் சொல்லல,” என்று ஆரம்பித்தான். “இந்தப் பேனுங்க சங்கதியெல்லாம் எனக்கு அத்துப்படி. பொண்ணு ஒரு தடவை சேர்ந்தா ஆயுசுக்கும் முட்டை விடும். அதனால ஒண்ணே ஒண்ணு உள்ள வந்தாகூட ஆபத்து. அதான் வேரோட ஒழிச்சிட்டேன். இந்தக் கூண்டுல முட்டைச்சரத்தோட ஒரே ஒரு பேன் யாராவது காட்டட்டும், நான் வேலையையே விட்டுடறேன்.”

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று கோகிலனுக்குப் புரியவில்லை.

“இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க,” என்றார் மெதுவாக. “நல்ல வேலைதான் செஞ்சிருக்கீங்க. நான் கிளம்பறேன் கோகிலன். ஹாஜிகிட்ட அப்புறம் பேசிக்கறேன்.”

“பிடிச்சிருந்துச்சா மேடம்?”

“மீன் நல்லா இருக்கு,” என்று மட்டும் சொன்னார்.

கரை ஏறியதும் டாக்டர் வேனுக்குள் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோகிலனுக்குச் சுரீர் என்றது. ஏதோ சரியில்லை. வாடைதான் காரணம். இந்த நிலையில் அவரை அனுப்பக் கூடாது. பிரமிளா இரண்டு தடவை போன் செய்திருந்தாள், என்ன ஆச்சு என்று கேட்கத்தான். அவளுக்கு என்ன பதில் சொல்வது? கடைசி முயற்சியாக, கரைக் கொட்டகைக்கு ஓடினான். அங்கே ஐஸில், ஒண்ணாம் கூண்டிலிருந்து பிடித்து, துடைத்து, செவுளெல்லாம் கழுவி, ஹாஜி வீட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த நல்ல கடல் மீன் இரண்டு இருந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு வேனின் பின்பக்கம் ஓடினான். பக்கிரிசாமி அப்போதுதான் வெள்ளைப் பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. இதை மேடத்துக்கிட்ட குடுத்துடுங்க. எங்க அன்பளிப்பு.”

சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். எல்லாவற்றிலும் சுத்தமான கடல் தண்ணீர், காற்றுக் குழாயிலிருந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. இதில் மீனை எங்கே வைப்பது என்று கோகிலன் முழித்தான்.

பக்கிரிசாமி அவன் கையிலிருந்த மீனைப் பார்த்தார். வேனுக்குள் உட்கார்ந்திருந்த டாக்டரை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மீனு எதுக்குத் தம்பி? நாலாம் கூண்டுல முட்டையோட பேனு மண்டிக்கெடக்குன்னு உங்க ஹாஜியே போன மாசம் வந்து படம் எடுத்து அனுப்பினாரு, மருந்து கண்டுபிடிக்க அந்தப் பேனை வளக்கிற ஆராய்ச்சிய இங்கயே வச்சு உங்களை மேனேஜராப் போடுங்கன்னும் அவருதான் கேட்டுக்கிட்டாரு. பேனு எங்கன்னு டாக்டரம்மா வாய்விட்டுக் கேட்டிருப்பாங்க, ஆனா ‘எங்க தம்பி ரொம்ப வெட்கப்படுவான், அவன்கிட்ட மட்டும் அதைக் கேட்டுடாதீங்க’ன்னு ஹாஜி சத்தியம் வாங்கிக்கிட்டாரு.”